ஒரு விலகியவரின் பணி நியமனம்

எங்கள் கடையில் எந்தப் பொருளுக்கும் விலை கிடையாது, மதிப்புதான் உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாராவது ஒரு சோப்பைத் தூக்கிக் காட்டி, "இது என்ன விலைம்மா?" என்று கேட்டால், "இதன் மதிப்பு இவ்வளவு" என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். வாய் தவறி 'விலை' என்று சொல்லிவிட்டால் மேற்பார்வையாளர் ஓடி வந்து காதோரம் "மதிப்பு, மதிப்பு" என்பார். மறுபடியும் சொன்னால் பயிற்சி வகுப்பு. விலை என்பது பொருளின் மேல் இல்லை, வாங்குகிறவர் மனத்தில் இருக்கும் ஒரு தயக்கம்தான் அது என்று அந்த வகுப்பில் பொழுது சாயும் வரைக்கும் விளக்குவார்கள். நான் பலமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். என் தயக்கம் போகவில்லை.

நான் அங்கே பில் போடுகிறவள். ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஒன்பது வருடம் எப்படித் தற்காலிகம் ஆகும் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கேட்கிறவர்களுக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது.

இந்த முறை கட்டாயம் நிரந்தரமாக்கிவிடுவோம் என்று மனிதவள அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் வீடு ஒரே ஓர் அறை. அதில் நான், என் கணவர், பெரிய வகுப்பில் படிக்கும் மகள், அவளுக்கு இளையவன் ஒருவன். மகள் உடை மாற்ற வேண்டுமென்றால் நாங்கள் மூன்று பேரும் வெளியே போய் மாடிப்படியில் நிற்போம். கீழ் வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தே "என்ன, பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, அதுதான் என்னை அறுக்கும்.

எங்கள் அறையை ஒட்டி இன்னோர் அறை காலியானது. நடுவில் ஒரு கதவு, திறந்துவிட்டால் போதும். வீட்டுக்காரம்மா நல்லவர். "உன் வேலை நிரந்தரமாகட்டும், சம்பளம் ஏறட்டும், உனக்கே விடறேன். ஆனா ரொம்ப நாள் பூட்டி வைக்க மாட்டேன்மா, எனக்கும் செலவு இருக்கு" என்றார். மகள் அன்றைக்கே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எந்தச் சுவரோரம் படுப்பது, எங்கே உட்கார்ந்து படிப்பது என்று எல்லாம் முடிவு செய்துவிட்டாள்.

இனி எதிர்க்கடை. எங்கள் கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் எங்கள் கடைக்குள் அதை உச்சரிக்கக் கூடாது என்பதால் எல்லாருக்கும் அது எதிர்க்கடை. அங்கே பொருள்களை அடுக்க மாட்டார்கள். வந்த அட்டைப் பெட்டியின் வாயைக் கிழித்து அப்படியே தரையில் வைத்துவிடுவார்கள். பாட்டுப் போட மாட்டார்கள், வாசனை அடிக்க மாட்டார்கள், யாரும் யாரையும் வரவேற்க மாட்டார்கள். விலை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் தெருவே அங்கேதான் வாங்கியது. என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர்; காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை சும்மாதான் இருப்பார். எங்கள் வீட்டுச் சாமானை அவர்தான் போய் வாங்கி வருவார். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் நான் போவேன்.

நான் மட்டுமில்லை. எங்கள் கடை ஊழியர் எல்லாருமே போவார்கள். அங்கே ஒருவரையொருவர் கண்டால் காணாததுபோல் போய்விடுவது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். ஒருமுறை மேற்பார்வையாளரையே முட்டை வரிசையில் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். அவர் முட்டையைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மறுநாள் வழக்கம்போல் என் காதோரம் வந்து "மதிப்பு, மதிப்பு" என்றார்.

இப்படி எல்லாரும் சாலையைக் கடந்துகொண்டே இருந்ததில் எங்கள் கடையில் கூட்டம் குறைந்தது. தலைமை அலுவலகம் கவலைப்பட்டு ஒரு குழுவை அமைத்தது. அதன் பெயர் 'விலகியோர் நலக் குழு'. அறிவிப்பைப் பார்த்ததும் யாரோ உலகத்தை விட்டே விலகிவிட்டார்கள், செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாலை வாங்கலாமா என்றுகூடப் பேசிக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, விலகியோர் என்றால் எங்கள் கடையை விட்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் குழுவின் வேலை.

குழு முதலில் மாடி ஜன்னலில் தொலைநோக்கியோடு ஓர் ஆளை உட்கார வைத்தது. அவர் எதிர்க்கடைக்குள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து தெரிய வந்தது என்னவென்றால், எதிர்க்கடைக்கு நிறையப் பேர் போகிறார்கள். அடுத்து, விலகியவர்களையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று, விசாரணைக்கு வருகிறவர்களுக்கு வாசனை மெழுகுவர்த்தி ஒன்று இலவசம் என்று அறிவித்தார்கள். நல்ல கூட்டம் வந்தது. மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு எல்லாரும் சாலையைக் கடந்து போய்விட்டார்கள்.

ஆகவே ஒரு விலகியவரைக்கூடப் பிடிக்க முடியாமல் குழு கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான், தொலைநோக்கிக்காரர் எடுத்த படம் ஒன்றில், எதிர்க்கடை வாசலில், இரண்டு கையிலும் பையோடு, வாயைத் திறந்துகொண்டு, நான் நின்றிருந்தேன்.

மேலே வரச் சொல்லி ஆள் வந்தது. வேலை போயிற்று, அறை போயிற்று என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். அழ வேண்டியிருக்கும் என்று முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையையும் எடுத்துப் போனேன்.

பெரிய அறை. நீள மேசை. நடுவில் யாரும் தொடாத பழங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிறுவனத்தின் தலைவர். அவருக்கு ஒரு பக்கம் மனிதவள அதிகாரி அம்மா. இன்னொரு பக்கம் கழுத்தில் துண்டுபோல் எதையோ சுற்றிக்கொண்டு ஒருவர். அவர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர். எதில் நிபுணர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க, வாங்கம்மா. உங்களைத்தான் இவ்வளவு நாளா தேடிக்கிட்டிருந்தோம்."

"ஐயா, தெரியாம பண்ணிட்டேன்…"

"சே சே, பயப்படாதீங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணலை. நீங்க விலகியிருக்கீங்க, அவ்வளவுதான். அது ஒரு நிலைமை. காய்ச்சல் மாதிரி."

நிபுணர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அசலான விலகியவர். பையைப் பிடிச்ச விதத்திலேயே தெரியுது" என்று தலைவரிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "ஏம்மா அங்க போனீங்க?"

இவ்வளவு சுலபமான கேள்வியை என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. "அங்க விலை குறைவுங்க" என்றேன்.

மனிதவள அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மதிப்பு குறைவுங்க" என்று திருத்தினேன்.

"பார்த்தீங்களா? மதிப்பு குறைவுன்னு அவங்களே சொல்றாங்க!" என்று தலைவர் முகம் மலர்ந்தார். "மதிப்பு குறைஞ்ச இடத்துக்கு ஒரு மனுஷி ஏன் போகணும்? அதுதான் நம்ம கேள்வி."

"அதில்லீங்க ஐயா. அதே சோப்பு அங்க கம்மியா கிடைக்குது. நம்ம வீட்டு நிலைமைக்கு…"

"அம்மா," என்று நிபுணர் கை தூக்கினார். "நீங்க சொல்றது காரணம் இல்லை. காரணத்துக்கு மேல போர்த்தியிருக்கிற போர்வை. விலகினவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. நாம அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்கணும். போர்வைக்குக் கீழ என்ன இருக்கு?"

போர்வைக்குக் கீழே என்ன இருக்கும், நாங்கள்தான் இருப்போம். நாலு பேருக்கு இரண்டு போர்வை. ஆனால் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. யோசித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் மனிதவள அதிகாரி என் தோளில் கை வைத்தார். "உங்க நிரந்தர விஷயம் என் கையிலதான் இருக்கும்மா. குழுவுக்கு மட்டும் ஒரு நல்ல காரணம் கொடுத்துடுங்க, நான் முடிச்சுக் கொடுத்துடறேன். ஆனா இன்னைக்குச் சொன்னது மாதிரி சொல்லாதீங்க. தலைவருக்கு மனசு கஷ்டமாயிடும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"விலை குறைவுன்னு சொல்லலையா நீ?"

"சொன்னேங்க. அது காரணம் இல்லையாம்."

"அப்போ எதும்மா காரணம்?"

"தெரியலை. யோசிச்சுக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"நான் வேணா வந்து சொல்லட்டுமா? பத்து வருஷமா நான்தானே போறேன்."

"வேணாங்க. நீங்களும் அதையேதான் சொல்வீங்க."

மகள் அந்தப் பக்கம் திரும்பிப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பாததிலேயே தெரிந்தது.

அடுத்த முறை நான் கொஞ்சம் புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்து ஒன்று செய்தேன். எங்கள் கடையில் ஒரு சோப்பு, எதிர்க்கடையில் அதே சோப்பு, இரண்டையும் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். ஒரே உறை, ஒரே நிறம், ஒரே தொழிற்சாலை. வாயால் சொன்னால் எடுபடாதது கண்ணால் பார்த்தாலாவது புரியும் என்று என் நம்பிக்கை. எது எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

நிபுணர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். "நம்ம சோப்பு தன்னம்பிக்கையோட உட்கார்ந்திருக்கு. அது கொஞ்சம் கூனிக் குறுகி இருக்கு" என்றார்.

தலைவர் கைக்கு ஒன்றாக எடுத்து எடை பார்த்தார். "நம்மது கனமா இருக்கு. நேர்மையான கனம்."

மனிதவள அதிகாரி முகர்ந்து பார்த்து, எங்கள் சோப்பில் தாய்மையின் மணம் வருவதாகச் சொன்னார். அதற்குள் நிபுணர் எடுத்துப் பார்த்துக் கை மாற்றி வைத்ததில் எது எந்தக் கடைச் சோப்பு என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஆராய்ச்சி மதியம் வரை நடந்தது.

இதற்கு மேல் உண்மையால் பயனில்லை என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையைப் பார்க்க வேறு யாரோ இரண்டு பேர் வந்து போனதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். ஆகவே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "இங்க வெளிச்சம் கண்ணைக் கூசுதுங்க."

மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வந்துடுச்சு!" என்று நிபுணர் மேசையைத் தட்டினார். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அந்த வாரமே விளக்குகள் எல்லாம் கழற்றப்பட்டு, அந்தி நேரம் மாதிரி ஒரு மங்கல் ஒளி பொருத்தப்பட்டது. அதற்கான செலவைப் பொருள்களின் மதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வயதானவர்கள் உப்பு என்று நினைத்துத் துவைக்கிற தூளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு, "மன்னிக்கணும்" என்று தன் பிம்பத்திடமே சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். விலகியோர் தொகை கூடிவிட்டதாகத் தொலைநோக்கிக்காரர் தெரிவித்தார்.

மறுபடியும் கூப்பிட்டார்கள். "வெளிச்சம் மேலோட்டமான காரணம்தான். இன்னும் ஆழமா போகணும்" என்றார் நிபுணர். நான் இன்னும் ஆழமாகப் போய், "அங்க யாரும் நம்மளைக் கண்டுக்க மாட்டாங்க" என்றேன். அது உண்மைதான். எதிர்க்கடையில் நாம் செத்து விழுந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஈரமாக இருந்தது. "மக்கள் அலட்சியத்துக்கு ஏங்கறாங்க. நாம அன்பை அள்ளிக் கொட்டி அவங்களை மூச்சுத் திணற வச்சிருக்கோம்."

அப்படித்தான் எங்களுக்கு அலட்சியப் பயிற்சி தொடங்கியது. அதுவரை, வருகிறவர் எல்லாரையும் கை கூப்பி வரவேற்றுப் பழகியவர்கள் நாங்கள். இப்போது வருகிறவரைப் பார்த்ததும் கொட்டாவி விட வேண்டும். எவ்வளவு வாய் திறப்பது, எப்போது கையால் மறைப்பது என்று நிபுணரே செய்து காட்டினார். பொருளைப் பையில் வைக்காமல் எறிய வேண்டும். முட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. ஏதாவது கேட்டால், "அங்கதான் இருக்கும், போய்ப் பாருங்க" என்று எந்தப் பக்கமும் கை காட்டாமல் சொல்ல வேண்டும். நான் நன்றாகச் செய்வதாக மேற்பார்வையாளர் பாராட்டினார். எனக்கென்ன, அலுப்பு ஒன்பது வருடச் சேமிப்பு. என்னால் முடியாதது எறிவதுதான். முத்துமாலை போட்ட ஓர் அம்மாவின் ரொட்டியை நான் எறிந்தபோது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டார். பதில் சொல்வது விதிமுறையில் இல்லை. கொட்டாவி விட்டேன். இரவு படுக்கும்போது அந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

அவரும் விலகியவரானார். பணக்காரர்களும் போகத் தொடங்கிவிட்டார்கள் என்றால் பிரச்சினை முற்றிவிட்டது என்று பொருள். தலைவர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். எதிர்க்கடையில் என்னதான் இருக்கிறதோ அதை அப்படியே எங்கள் கடைக்குள்ளேயே கட்டிவிடுவது. அப்புறம் எவன் சாலையைக் கடக்கிறான் பார்க்கலாம்.

மேல் தளத்தில் குழுவின் அறையைத் தவிர மற்றதையெல்லாம் காலி செய்து அங்கே ஓர் எதிர்க்கடையைக் கட்டினார்கள். அட்டைப் பெட்டிகளைக் கிழிக்கத் தனியாக ஒரு கலைஞர் வந்தார். தரையில் கறை போட இன்னொருவர். அணைந்து அணைந்து எரிகிற குழல் விளக்கு உள்ளூரில் தரமாகக் கிடைக்கவில்லை என்று கப்பலில் வரவழைத்தார்கள். நான் விலகியவர் என்ற முறையில் அங்கங்கே நின்று, "இந்தக் கிழிசல் இன்னும் கொஞ்சம் கோணலா இருக்கும்", "அங்க ஒரு ட்ராலிக்குச் சக்கரம் ஆடும்" என்றெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். எல்லாம் அச்சு அசலாக இருந்தது. விலைப் பலகைகூட அதே கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்கள். எண்கள் மட்டும் வேறு. இவ்வளவு செலவு செய்து கட்டியதால், அங்கே கீழ்த் தளத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

"ஐயா, இது மட்டும் எதிர்க்கடை மாதிரி இல்லீங்களே" என்று பலகையைக் காட்டித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எழுத்து சின்னதா இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, பெரிதாக எழுதச் சொன்னார் தலைவர்.

திறப்பு விழாவில் அவர் பேசினார். ஊழியர் எல்லாரும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வரிசையாக நின்றோம்.

"நண்பர்களே, எதிர்க்கடையில் அப்படி என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவர்கள் ஏனோதானோவென்று கொடுக்கிறார்கள். அதே ஒன்றுமில்லாததை நாம் இன்று முதல் தரத்தோடு கொடுக்கப்போகிறோம். சிலர் என்னிடம், நீங்கள் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். நான் போனதில்லை. உண்மையைச் சொன்னால், நம் கடைக்கும் நான் சாமான் வாங்கப் போனதில்லை. வீட்டில் யாரோ வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆகவே இரண்டு கடைகளையும் பற்றிச் சார்பில்லாமல் பேச என்னைவிடத் தகுதியானவர் யார்? எளிய மக்கள் மீது எனக்கு எப்போதும் பெருமதிப்பு உண்டு. அவர்கள் மட்டும் இல்லையென்றால் நம்மிடம் வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் உயர்ந்தவர்கள் என்று எப்படித் தெரியும்?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தலைவர் வீட்டில் சாமான் வாங்குகிற அந்த யாரோவை எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் சமையல்காரர். சாலைக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கடி பார்ப்பேன். கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கும் அவரைத் தெரியும்.

மேல் தளத்துக்கு முதலில் சிலர் வந்தார்கள். கிழிந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை. விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

இதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா படியில் என்னை நிறுத்தி, "நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடும்மா. வந்தவங்க முன்பணம் கொடுக்கத் தயாரா இருக்காங்க" என்றார். நான் மறுநாள் காலையிலேயே மனிதவள அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றேன். வாயைத் திறக்கும் முன்பே அவர் சிரித்தார்.

"உங்களைத்தான் கூப்பிட இருந்தேன். வாங்க, தலைவரே கொடுக்கப்போறார்."

அதே அறை, அதே மேசை, வேறு பழங்கள். தலைவர் மறுபடியும் எழுந்து நின்றார். நிபுணரும் எழுந்து நின்றார்.

"அம்மா, இந்தக் குழு ஒரு முக்கியமான முடிவுக்கு வந்திருக்கு. நம்ம ஆராய்ச்சி சீக்கிரம் முடியிற விஷயம் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் தொடரணும். அதுக்கு எங்க பக்கத்துலயே எப்பவும் ஒரு விலகியவர் இருக்கணும். இன்னையிலேருந்து நீங்க தற்காலிகம் இல்லை. நம்ம நிறுவனத்தோட நிரந்தர விலகியவர்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் 'நிரந்தர' என்பது மட்டும் காதில் விழுந்தது. உச்சி குளிர்ந்துபோயிற்று. கண்ணில் நீர் வந்தது. கைக்குட்டை இல்லாத நாளாகப் பார்த்து வந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தக் கதவு திறந்தேவிட்டது.

"ரொம்ப நன்றிங்க ஐயா. சம்பளம்…"

"அதே சம்பளம்தான்."

"நிரந்தரமானா ஏறும்னு சொன்னாங்களே…"

தலைவர் மனிதவள அதிகாரியைப் பார்த்தார். மனிதவள அதிகாரி நிபுணரைப் பார்த்தார். கடைசியில் தலைவரே, புரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"எப்படிம்மா ஏத்த முடியும்? சம்பளத்தை ஏத்தினா நீங்க நம்ம கடையிலேயே வாங்க ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் விலகியவருக்கு நாங்க எங்க போறது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நல்ல புன்னகைதான். துளிக்கூடக் கபடம் இல்லை.

நான் மற்ற இரண்டு பேரையும் பார்த்தேன். சொன்னது என்னவென்று யாராவது ஒருவருக்காவது காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். நிபுணர் தலையசைத்துக்கொண்டிருந்தார். மனிதவள அதிகாரி நிபந்தனைகளைப் படித்தார்: கணவருக்குக் கூடுதல் வருமானம் ஏதும் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். வாழ்க்கை நிலையில் முன்னேற்றம் தென்பட்டால் பதவி தானாகவே காலாவதியாகும். குழுவிலிருந்து ஒருவர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து, முன்னேற்றம் ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வார்.

"ஐயா," என்றேன். "அப்போ காரணம் உங்களுக்குத் தெரியுங்களா?"

"எந்தக் காரணம்?"

"நாங்க ஏன் அங்க போறோம்கிறது."

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா இவ்வளவு பாடு படறோம்" என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனிடம் சண்டையாவது போடலாம். நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் இருந்ததும் போகும்.

வீட்டுக்குப் போய் முதலில் வீட்டுக்காரம்மாவிடம் அறை வேண்டாம் என்று சொன்னேன். அவர் "ஐயோ" என்றார். மேலே கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்போ ஸ்கூல்ல சாயங்கால ட்ரிப் ஒண்ணு சேர்த்து ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அதை என்ன பண்றது?"

"வேணாம்னு சொல்லிடுங்க."

"நல்ல காசும்மா."

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நிரந்தரமாக்கியவர்கள்மேல் கோபப்பட முடியுமா?

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்த முறை படிப்பதுபோல்கூடப் பாசாங்கு செய்யவில்லை. அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் படிச்சு முடிச்சதும் வேலைக்குப் போவேன்ல?"

"போவடி. அதுக்கென்ன?"

"அப்போ உனக்கு வேலை போயிடுமா?"

நிபந்தனைகளை எல்லாம் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்மா, போயிடும்" என்றேன்.

"பரவாயில்லைம்மா" என்றாள் அவள். "மெதுவாவே படிக்கிறேன்."